பிரிபடாத பாகம்

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மொட்டைமாடிக்கு ஏறிப் போய் 4சி வீட்டுக்குத் தண்ணீர் போகும் குழாயின் கேட் வால்வை மூடினேன். வால்வு இறுகிப்போயிருந்தது. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. அப்போது நான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஒன்பது பேர் கைதூக்கி எடுத்த முடிவை நிறைவேற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். கீழே இறங்கி வந்து ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டேன்.

அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தர்மபுரியில் அபார்ட்மெண்ட் இன்னும் கொஞ்சம் புதுசுதான். எங்கள் ஊர்ப்பக்கம் ‘பிளாட்டு’ என்றால் மனை. நான் பிளாட் வாங்கியிருக்கிறேன் என்று அம்மா சொன்னபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘எத்தனை சென்ட்டு?’ என்றுதான் கேட்டார்கள். அம்மாவிடம் பதில் இல்லை. நான் பத்திரத்தைப் பார்த்துச் சொன்னேன்: 412 சதுர அடி, பிரிபடாத பாகம். ‘அது எந்தப் பக்கம் வருது?’ என்று கேட்டார் பெரியப்பா. எந்தப் பக்கமும் வராது என்பதை அவருக்குப் புரியவைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். ‘ஓ, நம்ம கெணறு மாதிரி’ என்றார்.

பென்னாகரத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில் எங்கள் காடு இருக்கிறது. அதில் ஒரு கிணறு, நாற்பதடி ஆழம், நான்கு பங்காளிகளுக்குப் பொது. எங்கள் தாத்தாவுக்கு அதில் 4ல் 1. அவருக்கு மூன்று பிள்ளைகள் என்பதால் அப்பாவின் பத்திரத்தில் ‘மேற்படி கிணற்றிலும் மின் மோட்டார் இணைப்பிலும் வண்டித்தடப் பாத்தியத்திலும் பொதுவில் 12ல் 1 பாகம்’ என்று இருக்கிறது. பன்னிரண்டு நாளில் ஒரு நாள் இறைப்பு முறை. நிலத்தைக் கல் நட்டுப் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீருக்குக் கல் நட முடியாது, அதனால் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை என்ற சொல்லுக்கு வீட்டுக்கு வீடு ஒரு சண்டைக்கதை வைத்திருக்கும் ஊரில், பிரிக்கவே முடியாத ஒன்றையும் பத்திரத்தில் எழுதப் பழகியிருந்தார்கள் என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

அடுக்குமாடிச் சட்டங்கள் எல்லாம் இந்தப் பிரிக்க முடியாமையின் மேல்தான் நிற்கின்றன. மகாராஷ்டிராவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப் பகுதிகளைப் பிரித்துத் தரும்படி எந்த உரிமையாளரும் வழக்குப் போட முடியாது என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1994இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. நம்மில் பெரும்பாலோர் இரண்டையுமே படித்ததில்லை. எங்கள் சங்கம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பதிவும் கிடையாது. ஒரு நீள நோட்டு, ஒரு வாட்ஸப் குழு, தலைவர், பொருளாளர் பெயரில் ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட், அவ்வளவுதான். பதினாறு வீடு. வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய். கொரோனா சமயத்தில் பெங்களூரிலிருந்து வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்து, இங்கேயே தங்கிவிட்டவன் நான். ‘நீங்க வீட்லதான இருக்கீங்க’ என்று செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பகலில் வீட்டில் இருப்பது ஒரு தகுதி என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

4சி வீட்டின் உரிமையாளர் பெங்களூரில் இருந்தார். முதலீட்டுக்காக வாங்கிப்போட்ட வீடு. பதினான்கு மாதப் பாக்கி, 21,000 ரூபாய். போன் செய்தால் எடுக்கமாட்டார். மெசேஜில் இரண்டு நீல டிக் மட்டும் விழும். அந்த நேரம் பார்த்து போர் மோட்டார் காயில் போய், கையிருப்பு தீர்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் கூடுதலாக ஆயிரம் வாங்கவேண்டி வந்தது. கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: ‘தண்ணிய நிறுத்துங்க, பணம் தானா வரும்.’ எங்கள் கட்டடத்தில் மேல்தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் என்பதால் அது சுலபமான காரியம். ஒன்பது பேர் கை தூக்கினோம்.

அந்த வீட்டில் குடியிருந்தது உரிமையாளர் அல்ல. ஒரு செவிலியர், அவருடைய அம்மா, நான்காம் வகுப்புப் படிக்கும் பையன். பராமரிப்புத் தொகையையும் சேர்த்தே அவர் மாதாமாதம் வாடகை அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. எனக்குத் தெரியும்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தவர் என் கதவைத் தட்டினார். ‘அண்ணா, தண்ணி வரலைங்களே, மோட்டார் போடலையா?’ நான் விஷயத்தைச் சொல்லி, ‘உங்க ஓனர்கிட்ட பேசச் சொல்லுங்க’ என்றேன். அவர் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். ‘நான் யாருக்குங்கண்ணா பாக்கி?’ என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. இப்போதும் முழுதாக இல்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று ஓரளவு தெரிகிறது.

எங்கள் கிணற்றில் காசு தராதவர், வேலைக்கு வராதவர் இருந்ததில்லையா? இருந்தார். தாத்தாவின் சித்தப்பா மகன் ஒருவர் தூர் வாரும் நாளில் மட்டும் சரியாக ஊரில் இருக்கமாட்டார். கோடையில் கிணற்றில் சேறு வாருவது நான்கு குடும்பமும் சேர்ந்து இறங்க வேண்டிய வேலை. வராதவருக்கு என்ன தண்டனை? பெரியப்பா சொன்னதைத்தான் சொல்கிறேன். முதலில் கேலி. அடுத்த வருடமும் வராவிட்டால், வாரியவர்களுக்கு அவர் வீட்டில் களியும் கறிக்குழம்பும் போட வேண்டும். அதுவும் இல்லையென்றால் அந்தச் சுற்றில் அவர் முறை கடைசிக்குத் தள்ளப்படும். முறையே இல்லை என்று யாரும் சொன்னதில்லையாம். ‘அவன் பாகம்டா அது, எப்படிச் சொல்ல முடியும்?’ என்றார் பெரியப்பா.

பொதுச்சொத்து நாசமாகத்தான் போகும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பாடமானது. அவருக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மூத்த அரிஸ்டாட்டிலும் ‘அரசியல்’ நூலில் இதைத் தொட்டிருக்கிறார்: நிறையப் பேருக்குப் பொதுவாக இருப்பதற்குக் குறைந்த கவனிப்பே கிடைக்கும் என்பது அவர் கருத்து. எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசனக் கால்வாய்கள் என்று நூற்றாண்டுகளாக உயிரோடு இருக்கும் பொதுச்சொத்துகளை ஆராய்ந்து, அப்படியொன்றும் கட்டாயம் இல்லை என்று 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. நீடித்து நின்ற ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகளில் ஒன்று, தண்டனை சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் என்பது. பெரியப்பா ஆஸ்ட்ரோமைப் படித்ததில்லை. களியும் கறிக்குழம்பும் அதுதான்.

நாங்கள் மொட்டைமாடியில் செய்தது படியேறுவதல்ல, முதல் படியிலிருந்து நேராகப் பத்தாவது படிக்குத் தாவுவது. கேலி செய்ய ஆள் எதிரில் வேண்டும், 4சி உரிமையாளரின் முகம் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருவரைத் தெரியாதபோது சின்னத் தண்டனைகள் எல்லாம் கையைவிட்டுப் போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது வால்வுதான்.

இப்படிச் சொல்லும்போது கிணறு ஏதோ சொர்க்கம் மாதிரி ஆகிவிடுகிறது. அது சொர்க்கம் அல்ல, முதலில் அது இப்போது இல்லவே இல்லை. அதில் இன்று முள்ளும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன. அது செத்தது யாரும் அதிகமாக இறைத்ததால் அல்ல. பங்காளிகளில் வசதி வந்த ஒருவர் தன் காட்டில் சொந்தமாக போர் போட்டார், பிறகு இன்னொருவர். போர் போட்டவருக்கு முறை எதற்கு, தூர் வாருவது எதற்கு? மிச்சமிருந்த இரண்டு குடும்பத்தால் நாற்பதடியைத் தூர் வார முடியவில்லை. ஹார்டின் சொன்ன பேராசை அங்கே இல்லை. போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். போனவர்களும் பிழைத்தார்களா என்றால், தர்மபுரி மண்ணின் கதை எல்லோருக்கும் தெரியும். பாறையில் ஃபுளோரைடு. ஆழத்துத் தண்ணீரைக் குடித்துக் கறை ஏறிய பற்களோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. கடைசியில் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, ஜப்பான் கடனில் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. தனித்தனியாகத் துளை போட்டுப் பிரிந்தவர்கள் திரும்ப ஒரே குழாயின் முன்னால் வரிசையில் நின்றார்கள். கூட்டுக் குடிநீர்!

அபார்ட்மெண்டில் இந்தப் போவது என்பது கிடையாது. நான் என் 412 சதுர அடியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டை விற்கலாம், ஆனால் அந்தப் பாகம் அடுத்தவர் பெயருக்கு மாறுமே தவிர அங்கேயேதான் கிடக்கும். போக முடியாதவர்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: பேசுவார்கள், அல்லது ஒருவரை ஒருவர் நெருக்குவார்கள்.

சொர்க்கம் அல்ல என்று சொன்னதற்கு இரண்டாவது காரணமும் உண்டு, இதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அந்தக் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. தூர் வாரும்போது உண்மையில் சேற்றில் இறங்கியவர்கள் பங்காளிகள் மட்டும் அல்ல, காட்டில் கூலிக்கு வந்த தலித் மக்களும்தான். அவர்கள் அந்தக் கிணற்றில் தாங்களாகக் குடம் இறக்கித் தண்ணீர் எடுத்ததை அம்மா பார்த்ததில்லை. யாராவது ஊற்றினால் குடிப்பார்கள். ‘பொது’ என்ற சொல்லுக்கு எங்கள் பத்திரத்தில் ஒரு சுற்றுச்சுவர் இருந்தது.

மகாட் நகரத்து சவதார் குளத்தின் கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. நகராட்சி ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்த குளம் அது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். அடி விழுந்தது. பிறகு சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வைத்த வாதம்தான் முக்கியம்: குளம் பொது அல்ல, எங்கள் சொத்து. பத்து வருடம் இழுத்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அந்த வாதம் தோற்றது. யார் தொடலாம் என்ற கேள்வியை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியாக மாற்றிவிட்டால், கொடுமை சட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

இங்கே உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, ஏரி வாரியம், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்ற விதி. எல்லாம் பெருமைதான், எங்கள் பொருளாளருக்கு அந்தக் கடைசி விதியை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் அதே கல்வெட்டில் யார் நிற்கலாம் என்றும் இருக்கிறது. கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் பிராமணச் சபைக்கு எழுதிய நிபந்தனைகளில் கடைசியாகச் சொன்னது எங்கள் சங்கத்தில் அப்படியே உயிரோடு இருக்கிறது. சொந்தக்காரருக்குத்தான் ஓட்டு. பெங்களூரில் இருக்கும் 4சி உரிமையாளர் தலைவராகக்கூட ஆகலாம். அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்தப் படியில் தினமும் ஏறி இறங்கி, அந்த 1,500ஐயும் கொடுத்துக்கொண்டிருந்த செவிலியருக்குக் கூட்டத்தில் உட்கார நாற்காலி கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் லிஃப்டில் போகக் கூடாது என்று ஒரு தாள் அந்த நாட்களில் எங்கள் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தது. நான் வருவதற்கு முன்பே ஒட்டியது என்று சொல்லித் தப்பிக்கலாம். செயலாளராக இருந்த ஒன்றரை வருடத்தில் அதை நான் கிழிக்கவில்லை. யாரோ ஒரு சின்னப் பெண் கிறுக்கிவைத்து, மழைச்சாரலில் ஊறி, அதுவாகத்தான் விழுந்தது.

சரி, அப்படியானால் பாக்கியே கேட்கக் கூடாதா?

அதுவும் இல்லை. எங்களைக் கொடுமைக்காரர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் நல்லவனாக ஒதுங்கிவிட முடியாது. அமெரிக்காவில் மயாமி பக்கத்தில் சர்ஃப்சைடு என்ற ஊரில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்று ஒரு கட்டடம் இருந்தது. 1981இல் கட்டியது, 12 மாடி, 136 வீடுகள். கீழே கான்கிரீட் பெரிய அளவில் சேதமாகியிருக்கிறது என்று 2018இல் பொறியாளர் ஒருவர் சங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு செலவு, யார் எவ்வளவு தருவது, அவ்வளவு ஏன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை. 2019இல் நிர்வாகக் குழுவில் பெரும்பாலானோர் ராஜினாமா செய்தார்கள். இழுத்து இழுத்து, சுமார் 1.5 கோடி டாலர் வசூலிக்க ஒருவழியாக முடிவெடுத்து, வேலை தொடங்கும் தறுவாயில், 2021 ஜூன் 24 நள்ளிரவுக்கு மேல் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் செத்தார்கள். கட்டும்போதே இருந்த குறைகள்தான் அடிப்படை என்று விசாரணைகள் சுட்டுகின்றன, எனவே பழியை முழுதாகச் சங்கத்தின் மேல் போட முடியாது. ஆனால் அறிக்கைக்கும் சரிவுக்கும் நடுவே இருந்த அந்த இரண்டரை வருடத்தை என்னால் மறக்க முடியவில்லை. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்து வீட்டாரைக் கட்டாயப்படுத்தத் தயங்கிய சாதாரணமான ஆட்கள்.

எங்கள் தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு தூணில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. துருவின் நிறம் அழகாகக்கூட இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே தினமும் வண்டியை எடுப்பேன்.

ஆகவே கட்டாயம் வேண்டும். சட்டமும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்ற நிலை மாறி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது நம் புதிய சட்டம். சிங்கப்பூரில் 1999 முதலே பத்து வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை 80 சதவீதம் பேர் சேர்ந்து மொத்தமாக விற்கலாம். ஒரே ஒருவரின் பிடிவாதத்தால் மற்ற எல்லோர் தலையிலும் கூரை விழக் கூடாது என்பது நியாயம். அந்த ஒருவர் நாற்பது வருடம் அதே ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பாட்டியாக இருந்தால் அந்த நியாயத்தை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பது வேறு விஷயம். சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் நேரில் போய்.

எனக்குக் கிடைத்த சின்னத் தெளிவு இவ்வளவுதான். பொதுவில் கட்டாயப்படுத்தும் உரிமை இருக்கிறது, ஆனால் அது பாகம் வைத்திருப்பவர் மேல் பாயும் உரிமை. பாகம் இல்லாதவர் வழியாக அவரைத் தொடும் உரிமை அல்ல. பத்திரத்தில் பேர் இருப்பவரிடம் நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம், பாக்கி இருக்கும்வரை கூட்டத்தில் ஓட்டு இல்லை என்று விதி கொண்டுவர முயற்சிக்கலாம். இதெல்லாம் மெதுவான வழிகள், அலைச்சல். வால்வு பத்து நொடியில் முடியும். அந்தப் பத்து நொடி எங்கிருந்து மிச்சமானது என்றால், ஒரு செவிலியரின் பக்கெட்டிலிருந்து.

ஒன்பது நாள் அவர்கள் கீழ்க்குழாயில் பிடித்து மேலே கொண்டுபோனார்கள். வாட்ச்மேன் அண்ணன் இரண்டு பக்கெட் தூக்கிக் கொடுப்பார், லிஃப்டில் தண்ணீர் சிந்தக் கூடாது என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்ததால் படி வழியாக. பத்தாவது நாள் காலையில் பால் வாங்க இறங்கினேன். இரண்டாம் மாடி வளைவில் அந்தப் பையன் ஸ்கூல் யூனிஃபார்மில், பெயிண்ட் டப்பா ஒன்றில் தண்ணீரை வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் டப்பாவைப் பின்னால் மறைத்தான். திருடியதை மறைப்பது மாதிரி.

மேலே போய் வால்வைத் திறந்தேன். யாரையும் கேட்கவில்லை. பிறகு குழுவில் ஒரு வரி போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘மீட்டிங்ல எடுத்த முடிவ தனியா மாத்த உங்களுக்கு யார் சார் அதிகாரம் குடுத்தது?’ கேட்டவர் கெட்டவர் அல்ல. ஒரு மாதம்கூட பாக்கி வைக்காதவர், லிஃப்ட் ரிப்பேருக்கு முதலில் காசு போடுகிறவர். கேள்வியும் சரியான கேள்வி. ஒன்பது கைகள் மூடியதை ஒரு கை திறந்தது. எல்லோருக்கும் பொதுவான குழாயில் நான் என் மனசாட்சியைத் தனி போர் மாதிரி போட்டுக்கொண்டேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூட மறுக்க முடிந்திருக்காது. கூட்டத்தில் எழுந்து ‘இது தப்பு’ என்று சொல்லியிருக்க வேண்டிய நாளில் கை தூக்கிவிட்டு, பிறகு தனியாகப் போய் நல்லவனானேன். அதற்கு அதிகாரம் யாரும் கொடுக்கவில்லைதான். ‘தப்புதாங்க, பொறுப்ப விட்டுடறேன்’ என்று எழுதி, விட்டுவிட்டேன். அதுவும் ஒரு வகையில் போய்விடுவதுதானே.

செவிலியர் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டார். கிளம்பும் அன்று சாவியை என்னிடம்தான் கொடுத்துப் போனார், உரிமையாளர் வரும்போது கொடுக்கச் சொல்லி. வேறு எதுவும் பேசவில்லை. இப்போது அங்கே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருக்கிறது. மொட்டைமாடித் தளம் ஒழுகி, ஒழுக்கு நேராக அவர்கள் சமையலறைக் கூரையில் இறங்குகிறது. தளத்துக்கும் தூணுக்கும் சேர்த்து 2,80,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்கு 17,500. 4சி தவிர எல்லோரும் முதல் தவணை கொடுத்தாயிற்று.

போன வாரம் இப்போதைய செயலாளர் போன் செய்தார்.

‘சார், ஒண்ணு கேக்கணும். மேல குழாய்ல எழுதியிருந்த நம்பர் எல்லாம் வெயில்ல அழிஞ்சிருச்சு. அந்த 4சி வால்வு எதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?’

இடது பக்கத்திலிருந்து மூன்றாவது.

‘சாயங்காலம் வீட்ல இருக்கீங்களா? நேர்ல வரேன்’ என்றேன்.